‘யார் சொன்னது?’ என்று கேட்காதீர்கள்: புதிய தலைவிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுயஉதவிக் குழுவை நடத்தும் ஊக்குநராக இருந்தவர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குத் தலைவியாகும்போது, அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் திடீரென்று பெருகிவிடுகிறார்கள். குழுவில் மிஞ்சிப்போனால் இருபது பேர். ஒரே தெரு, பழகிய முகங்கள். கூட்டமைப்பிலோ நூற்றுக்கணக்கான பெண்கள். பலருக்குத் தலைவியின் பெயர் மட்டுமே தெரியும். பயிற்சிக்கு வரும் புதிய தலைவிகளைக் கவனிக்கிறேன். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அப்படியே செய்கிறார்கள். கோபப்படக்கூடாது, பொறுமை வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

யார் சொன்னது என்று தேடிப் போவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஓர் ஊரில் உறுப்பினர் ஒருவர் குழுவின் சொந்தப் பணத்திலிருந்து 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். மாதம் 1,000 ரூபாய் அசல், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, பத்துத் தவணை. ஐந்தாவது மாதக் கூட்டத்தில் பாஸ்புத்தகத்தை விரித்துக் காட்டி, “அசலில் 4,000 கட்டிவிட்டேன் அக்கா, வட்டி மட்டும் இன்னும் 200 ரூபாய் என்றே போட்டிருக்கிறதே?” என்று கேட்டார்.

தலைவியின் காதில் அது ‘நீ திருடி’ என்று விழுந்தது. பேரேட்டைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய், “அவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?” என்று விசாரித்தார். பதவி இழந்த பழைய ஊக்குநர்மேல் சந்தேகம். அவருக்கும் இவருக்கும் வாய்த் தகராறு, அதில் உறவுக்காரர்கள் புகுந்தார்கள், ஒரே குழு இரண்டாகப் பிளந்தது.

பிறகு கணக்கைப் பார்த்தபோது கேள்வி நியாயமானது என்று தெரிந்தது. மீதி அசல் 6,000 என்றால் அந்த மாத வட்டி 120 ரூபாய்தான். குறைந்துவரும் அசலுக்குப் போட்டால் பத்து மாதத்துக்கும் சேர்த்து வட்டி 1,100 ரூபாய்; முதலில் வாங்கிய தொகைக்கே போட்டுக்கொண்டு போனால் 2,000. யாரும் பணத்தை எடுக்கவில்லை. கணக்கு எழுதிய பெண் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதியிருந்தார். கூடுதல் பணம் குழுக் கணக்கிலேயே இருந்தது. அன்றைக்கே ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அந்தப் பெண் அதன்பின் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. குழாயடிக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போய்விட்டன. அங்கே பதில் சொல்லத் தலைவி இருக்க மாட்டார். கொஞ்ச நாளில் சிலர், “கணக்கைக் காட்டும்வரை தவணை கட்ட மாட்டோம்” என்று நிறுத்திக்கொண்டார்கள். வங்கிகள் குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்காமல் கடன் கொடுக்கின்றன. திருப்பிக் கட்டிய வரலாறுதான் அவர்கள் பார்க்கும் பிணை. நிலுவை விழுந்ததும், ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் அடுத்த கடன் நின்றுபோனது. அதை நம்பிக் கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் யாரையும் எதுவும் கேட்டவர் அல்லர்.

ஆகவே, “யார் சொன்னது?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, “எந்த மாதம்? எவ்வளவு தொகை?” என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் பதிலையும் அதன் கீழேயே எழுதுங்கள். உங்களைப் பிடிக்காதவர் தூண்டிவிட்ட கேள்வியாகவே இருக்கட்டும். பொறாமையில் கேட்டாலும் கணக்குப் பிழை பிழைதான்.

“நான் விலகிக்கொள்கிறேன், நீங்களே நடத்துங்கள்”

முதல் முறை கெஞ்சுவார்கள். அடுத்த முறை பேசாமல் இருப்பார்கள். நடுவில் உண்மையாகவே குறை சொல்ல வந்தவர், நம்மால் இவர் அழ வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார். விலகுவதென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

“உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் தெரியுமா” என்று வருகிறவரை உட்காரவைப்பது

வேண்டாம்.

வசவையும் கேள்வியையும் ஒன்றாகக் கட்டுவது

வெளியே போய்வரும் பெண்ணின் நடத்தையைப் பேசுவது நம் ஊர்களில் மிகச் சுலபம். இருட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கினாலே பேச்சு கிளம்பிவிடும். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுக்கவும் விடாதீர்கள். மிரட்டல் வந்தால் இரண்டு உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போங்கள்; 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் நேற்று வசை பாடியவரே இன்று குழுவுக்கு அரசு கொடுத்த சுழல் நிதி எங்கே போனது என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவருடைய வாயைக் காரணம் காட்டிக் கணக்கை மூடிவைக்க முடியாது.

கேட்டால் மட்டும் கணக்கைக் காட்டுவது

கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசியுங்கள்: பெயர், கட்டிய தொகை, அசலில் மீதி, இந்த மாத வட்டி.