பச்சைக்கல்லில் பதக்கம் செய்யக் கொடுப்பதற்கு முன்

பச்சைக்கல் என்றால் நமக்கு மரகதம்தான் நினைவுக்கு வரும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பௌனமு வேறு. பெரும்பாலும் நெஃப்ரைட் என்னும் ஜேட் வகை. நியூசிலாந்தின் தென் தீவில் மட்டுமே கிடைக்கிறது; அந்தத் தீவின் மாவோரிப் பெயரிலேயே, தே வாய்பௌனமு என்று, இந்தக் கல் இருக்கிறது. ஹொக்கிடிகா போன்ற மேற்குக் கரை ஊர்களில் சிற்பியோடு உட்கார்ந்து பேசித் தனக்கென்று ஒரு பதக்கம் செய்துகொள்ளலாம். சிக்கலும் அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது.

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி "அச்சு அசல் இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். படத்தில் இருப்பது ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஹேய் டிக்கி என்னும் மனித உருவப் பதக்கமாக இருக்கலாம். அதை நகலெடுக்க நல்ல சிற்பி ஒப்பமாட்டார். சரி, வெறும் தூண்டில் வடிவம்தான் என்றாலும் கல் ஒத்துழைக்க வேண்டுமே! ஒவ்வொரு துண்டுக்கும் விரிசலும் நிற ஓட்டமும் வேறு. மேல்தோல் பழுப்பேறிக் கிடக்கும். தண்ணீரில் நனைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். வெளிறிய இனங்கா, ஒளி ஊடுருவும் கஹுரங்கி, கரும்பச்சைக் கவகவா என்று வகைகள் உண்டு. முதலில் கல்லைத் தேர்ந்தெடுங்கள், பிறகு படம் வரையலாம். தலைகீழாகச் செய்தால் இருவருக்கும் மனக்கசப்புதான் மிச்சம்.

பாதி வேலையில் மனம் மாறுவது இன்னொன்று. தங்கமாக இருந்தால் ஆசாரி உருக்கி மறுபடி செய்து தருவார். கல்லில் தேய்த்தது தேய்த்ததுதான். அதனால் வெளிவடிவம் வெட்டியதும், துளை போடுவதற்கு முன், ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் கூப்பிட்டுக் காட்டாமல் விட்டால் தவறு சிற்பியுடையது.

மேரே என்னும் குட்டையான தட்டைத் தண்டாயுதத்தையே இந்தக் கல்லில் செய்து போருக்குக் கொண்டுபோனார்கள், அத்தனை உறுதி. அதை நம்பித் தூண்டிலின் முனையை ஊசியாக இழைக்கச் சொல்லாதீர்கள். தரையில் விழுந்தால் போயிற்று.

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1997இல் வந்த சட்டம் தென் தீவின் பௌனமு உரிமையை அங்குள்ள மாவோரிக் குலமான நங்காய் தஹு மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. கனடா, சீன ஜேடும் கடைகளில் பச்சைக்கல் என்றே விலைபோகிறது. அயல்நாட்டுக் கல்லை மறைத்து விற்பதுதான் குற்றம். சொல்லி விற்றால் ஒன்றுமில்லை.

சிலர் தாங்களே கொஞ்சம் தேய்த்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். பாதகமில்லை, ஆனால் உலர்ந்த கல்லில் கூடாது. நார்நாரான கனிமம், தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் ஓட ஓடத்தான் இழைக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

தனக்குத் தானே வாங்கக் கூடாது என்ற பேச்சு அங்கே பரவலாக உண்டு. ஏற்காத மாவோரிகளும் உண்டு. அதற்குப் பயந்து ஆசையை விட வேண்டாம்.

கயிற்று நீளத்தை மட்டும் கடைசிவரை யாரும் கேட்பதில்லை. கழுத்தில் கட்டிப் பார்த்து, கல் நெஞ்சில் எங்கே தொட வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டு வாருங்கள்.