தொடர் ஓட்டத்தில் குச்சி மாற்ற ஒரு சின்ன வழி

பள்ளி ஹவுஸ் போட்டிகளில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் வந்தால், வேகமான நான்கு பேரைப் பொறுக்கி நிறுத்திவிட்டுப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வெற்றி குச்சி மாற்றுவதில்தான் இருக்கிறது. வாங்குபவர் நின்று, திரும்பிப் பார்த்து, கையை நீட்டி வாங்கினால் அத்தனை வேகமும் வீண்.

இப்படிச் செய்து பாருங்கள். வாங்குபவர் மாற்று எல்லையின், அதாவது குச்சி கைமாற வேண்டிய பகுதியின், தொடக்கத்தில் நிற்கட்டும். அங்கிருந்து, குச்சி கொண்டு வருபவர் வரும் பக்கமாக 15 முதல் 20 பாதம் அளந்து தரையில் டேப் ஒட்டுங்கள். வருபவர் அந்த டேப்பைத் தாண்டியதும் வாங்குபவர் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. வருபவரின் குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டினால் போதும். வருபவர் வந்து மோதினால் தூரத்தைக் கூட்டுங்கள், எட்ட முடியாவிட்டால் குறையுங்கள். இது ஜோடிக்கு ஜோடி மாறும்.

முதல், மூன்றாம் ஆள் வலது கையிலும், மற்ற இருவர் இடது கையிலும் பிடிக்கட்டும். ஓடும்போது யாரும் குச்சியை ஒரு கையிலிருந்து தன் மறு கைக்கு மாற்ற வேண்டியதே இல்லை.

இப்போதைய விதிப்படி மாற்று எல்லை 30 மீட்டர். குச்சி அதற்குள் கைமாற வேண்டும். கீழே விழுந்தால் தவறவிட்டவரே எடுக்க வேண்டும், இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடலூர்ப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடைக்காத நாளில் தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஈர மணலே போதும். அங்கே டேப்புக்குப் பதில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தால் சரி.