கண்டிஷனரில் இருக்கும் சிலிக்கோன் எது? பாட்டிலைத் திருப்பிப் படித்து உங்கள் முடிக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

தலைக்குக் குளித்த அன்று முடி பட்டுப்போல இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதே ஷாம்பு, அதே சீரம், ஆனால் முடி கனத்துப் போய்ப் பிசுக்கென்று ஒட்டுகிறது. எனக்கு இது நடந்தபோது சிலிக்கோன்தான் வில்லன் என்று எங்கோ படித்துவிட்டு, அது கலந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஒரு மாதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. முன்பு கலரிங் செய்திருந்த நுனிமுடி சிக்குப் பிடித்து, சீப்பு வைத்தாலே அறுந்து வந்தது.

அப்புறம்தான் பொறுமையாக உட்கார்ந்து பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்தேன். சிலிக்கோன் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒன்று காற்றில் பறந்துவிடும், ஒன்று தண்ணீரிலேயே போய்விடும், ஒன்று ஷாம்பு போட்டால்தான் போகும், இன்னொன்று அவ்வளவு சுலபத்தில் போகாது. முடியில் எப்படி வந்து உட்காருகிறது, எப்படி வெளியேறுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும், வாங்குவது சுலபம். முதல்முறையாக இதைப் பார்ப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பெயரைக் கண்டுபிடியுங்கள்

பாட்டிலைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது நல்லது. ஆங்கிலத்தில் சி, ஓ, என், இ என்ற நான்கு எழுத்துகளில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் சிலிக்கோன்கள்: டைமெதிகோன், அமோடைமெதிகோன், ஃபீனைல் ட்ரைமெதிகோன். ‘கோனால்’ என்று முடியும் டைமெதிகோனாலும், ‘சிலாக்ஸேன்’ என்று முடியும் சைக்ளோபென்டாசிலாக்ஸேனும் இதே குடும்பம்தான்.

ஒரு பெயர் மட்டும் பலரை ஏமாற்றும்: மெத்தில்குளோரோஐசோதையசோலினோன். இதுவும் ‘ஓன்’ என்ற ஓசையில்தான் முடிகிறது. ஆனால் முடிவில் ‘கோன்’ இல்லை, ‘நோன்’. அது கிருமி வளராமல் தடுக்கும் பொருள். சிலிக்கோனோடு சம்பந்தமே இல்லை.

பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் நான்கைந்து பெயர்களுக்குள் ஒரு சிலிக்கோன் இருந்தால், அந்தப் பொருளின் வழவழப்புக்கு அதுதான் முக்கியக் காரணம்.

படி 2: அது எந்த வகை?

*பறந்து போகிறவை.* சைக்ளோபென்டாசிலாக்ஸேன், சைக்ளோஹெக்சாசிலாக்ஸேன் ஆகியவை. சீரம்களில் முதல் பெயராக அடிக்கடி வரும். மற்ற கெட்டியான சிலிக்கோனை முடி முழுக்கச் சீராகப் பரப்பிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். முடியில் தங்குவதில்லை. ஆனால் சுற்றுச்சூழலில் இவை எளிதில் சிதையாமல் நீண்ட காலம் நிலைத்திருக்கின்றன. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல், கழுவிவிடும் அழகுப் பொருட்களில் டி4, டி5 எனப்படும் இவ்வகைச் சிலிக்கோன்கள் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. டி5 என்பதுதான் சைக்ளோபென்டாசிலாக்ஸேன். கழுவாமல் விடும் பொருட்களுக்கும் 2027-ல் இந்தக் கட்டுப்பாடு வருகிறது. இந்தக் காரணத்துக்காகவே, இதற்குப் பதிலாக ஐசோடோடெகேன் போன்றவற்றைப் பயன்படுத்தும் சீரம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

*தண்ணீரில் போகிறவை.* பெயருக்கு முன்னால் ‘பெக்’ என்றும் ஓர் எண்ணும் இருக்கும்: பெக்-8 டைமெதிகோன், பெக்-12 டைமெதிகோன். தண்ணீரோடு ஒட்டும் பகுதி இவற்றில் இணைக்கப்பட்டிருக்கிறது. லேசான வழவழப்பு தரும், எளிதில் அலசிப் போகும். பெக் என்று இருக்கும் எல்லாமே தண்ணீரில் கரைந்துவிடாது, அந்தப் பகுதி போதுமான அளவு இருக்க வேண்டும். ஆனாலும் ஆரம்பத்தில் நினைவில் வைக்க இது நல்ல அடையாளம்.

*ஷாம்பு போட்டால் போகிறவை.* டைமெதிகோனும் டைமெதிகோனாலும். கடைகளில் நாம் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான். தண்ணீரில் கரையாது. முடியின் மேல்செதில்கள் மீது மெல்லிய படலமாகப் படிந்து, முடிக்கும் முடிக்கும் நடுவே உராய்வைக் குறைக்கும். சிக்கு எடுக்கும்போது முடி அறுவது குறைவதற்கு இந்தப் படலம்தான் காரணம். ஃபீனைல் ட்ரைமெதிகோனும் இந்த வரிசையில் வரும்; அதன் சிறப்பு மினுமினுப்பு.

*தேடிப் போய் ஒட்டுகிறது.* அமோடைமெதிகோன். எனக்கு மிகவும் பிடித்த சிலிக்கோன் இது, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள முடியின் மேல் இயற்கையாகவே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அது தண்ணீரை விலக்கும். பிளீச், கலரிங், ஸ்ட்ரெய்ட்னிங் எல்லாம் அந்தப் படலத்தை எடுத்துவிடும். அந்த இடங்களில் எதிர்மின் தன்மை கூடிவிடும். அமோடைமெதிகோனில் உள்ள அமீன் பகுதிகள், கண்டிஷனரின் லேசான அமிலத்தன்மையில் நேர்மின் தன்மை பெறும். ஆகவே சேதமான இடத்தை நோக்கி அது இழுக்கப்படுகிறது. வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த முடியில் குறைவாகவும், பழைய நுனியில் அதிகமாகவும் படிகிறது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. 40 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது மூன்று வருடத்துக்கும் மேல். எத்தனை வெயில், எத்தனை சீப்பு, எத்தனை ரப்பர் பேண்டு பார்த்த நுனி அது! அதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் வேண்டும்.

ஒரு தவறான தகவலை இங்கேயே திருத்திவிடுகிறேன். அமோடைமெதிகோனுடன் ட்ரைடெசெத்-12, செட்ரிமோனியம் குளோரைடு என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் அது தண்ணீரில் கரைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. அந்த இரண்டும் பாட்டிலுக்குள் சிலிக்கோனைத் துளித்துளியாகக் கலந்து வைப்பதற்கானவை. முடியில் ஒட்டிக்கொண்ட அமோடைமெதிகோனை வெறும் தண்ணீர் எடுக்காது. நன்றாக நுரைக்கும் ஷாம்பு வேண்டும், சிலசமயம் இரண்டு தடவை.

படி 3: வீட்டில் ஒரு சின்னச் சோதனை

இது சீரமுக்கு மட்டும். கண்டிஷனர் ஏற்கனவே தண்ணீரோடு கலக்கப்பட்டது என்பதால் அதில் எதுவும் தெரியாது.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டு சொட்டு சீரம் விட்டுக் கலக்குங்கள். எண்ணெய்போலத் துளிகளாக மேலே மிதந்தால் அது தண்ணீரில் போகாத வகை. அடுத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டை விரலால் பரப்பி, அடுப்புப் பக்கம் வைக்காமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தொட்டுப் பாருங்கள். பறந்து போகும் பகுதி போய்விட்டிருக்கும். விரலில் தட்டுப்படும் அந்த வழவழப்பான மிச்சம்தான் உங்கள் முடியில் உண்மையில் தங்குவது. தட்டை வெறும் தண்ணீரில் ஒருமுறை கழுவுங்கள், பிறகு உங்கள் ஷாம்புவைப் போட்டு ஒருமுறை கழுவுங்கள். ஷாம்புவுக்குப் பிறகும் வழுக்கினால், இந்த சீரமுக்கு அந்த ஷாம்பு போதவில்லை. எனக்கு நேர்ந்த தொல்லை இதுதான்: மென்மையான, நுரையே வராத ஷாம்பு, அதன்மேல் தினமும் கெட்டியான சீரம்.

படி 4: உங்கள் முடிக்கு எது?

மெல்லிய, நேரான, சீக்கிரம் எண்ணெய் பிடிக்கும் முடி என்றால் கண்டிஷனரில் பெக் வகை அல்லது அமோடைமெதிகோன் போதும். சீரம் தேவையே இல்லாமல் போகலாம். கெட்டியான டைமெதிகோன் இந்த முடியைத் தொங்க வைத்துவிடும்.

சுருட்டை முடி, அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கு டைமெதிகோன் நல்ல துணை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது நன்றாக நுரைக்கும் ஷாம்பு போடுகிறவர்களாக இருக்க வேண்டும். கண்டிஷனரை மட்டும் வைத்தே முடி அலசும் பழக்கம் இருந்தால் டைமெதிகோன் வேண்டாம். சீயக்காய் மட்டுமே தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கும் தண்ணீரில் போகும் வகையையே சொல்வேன்.

பிளீச், கலரிங், ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடிக்கு அமோடைமெதிகோன் என்ற பெயரைத் தேடி வாங்குங்கள். அயர்னிங் மெஷின் பயன்படுத்துகிறவர்களுக்கு டைமெதிகோன் உள்ள சீரம் உதவும். சிலிக்கோன் படலம் சூட்டை மெதுவாகவும் சீராகவும் கடத்தும். சூடு முடியைத் தாக்குவதை அது குறைக்கும், முழுதாகத் தடுக்காது.

படி 5: பூசும் முறை

தேங்காய் எண்ணெயும் சிலிக்கோனும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்கிறோம். இரண்டின் வேலையும் வேறு. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. சிலிக்கோன் மேலேயே நின்று வழவழப்புத் தருகிறது. ஆகவே எண்ணெய் குளிப்பதற்கு முன்னால், சிலிக்கோன் குளித்த பிறகு. இந்த வரிசையில் இரண்டையும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஷாம்பு அலசிய பிறகு முடியைப் பிழிந்து, காது மட்டத்துக்குக் கீழிருந்து நுனி வரை மட்டும் கண்டிஷனர் பூசுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து அலசுங்கள். துண்டால் ஒற்றிய பிறகு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே சீரம். தோள் வரை முடிக்கு இரண்டு மூன்று சொட்டு போதும்; உள்ளங்கையில் தேய்த்து, நுனியிலிருந்து மேல்நோக்கிப் பூசுங்கள். அது முழுதாகக் காயும்வரை கேஸ் அடுப்பு, விளக்கு அருகில் போகாதீர்கள். அயர்னிங் செய்வதானால் முடி நன்றாகக் காய்ந்த பிறகே.

‘மண்டையில் பட்டால் முடி கொட்டுமா’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதன்மேல் படலம் இருப்பதால் அது மூச்சுத் திணறுவதில்லை. டைமெதிகோனை உடலுக்கு உள்ளேயே கொடுக்கிறோம்: வயிற்று உப்புசத்துக்கான பல மருந்துகளில் இருக்கும் சிமெதிகோன், டைமெதிகோனும் சிலிக்காவும் சேர்ந்ததுதான். பிரிட்டனில் அதே டைமெதிகோனைப் பேன் ஒழிக்கும் மருந்தாகவும் விற்கிறார்கள். பேனைச் சுற்றிப் பூசிக்கொண்டு அதைக் கொல்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள், பாட்டிலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

படி 6: கழுவும் முறை

வழக்கமான ஷாம்புவே டைமெதிகோனைப் பெரும்பாலும் எடுத்துவிடும். ஆனால் அந்த ஷாம்புவிலேயே ‘டைமெதிகோனால்’ என்ற சிலிக்கோன் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவுகிற பொருளே எப்படி முடியில் பூச முடியும் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். 1987-ல் அமெரிக்காவில் வந்த பெர்ட் பிளஸ் என்ற டூ-இன்-ஒன் ஷாம்பு இதைப் பிரபலமாக்கியது. ஷாம்புவுடன் குவார் ஹைட்ராக்சிபுரோபைல்ட்ரைமோனியம் குளோரைடு போன்ற நேர்மின் பொருளைச் சேர்க்கிறார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி ஷாம்பு நீர்க்கும்போது அது திரிந்து, சிலிக்கோன் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முடியில் படிகிறது. அழுக்கு போகிறது, சிலிக்கோன் நிற்கிறது. அதனால் பிசுக்கைப் போக்க நினைக்கும் நாளில் இப்படிப்பட்ட ஷாம்பு உதவாது. ‘கோன்’ என்ற பெயரே இல்லாத, சோடியம் லாரெத் சல்பேட் உள்ள ஷாம்புவை மாதம் ஒருமுறை இரண்டு தடவை போட்டு அலசுங்கள்.

அதற்கும் முடி சொரசொரப்பாகவே இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து இதே மந்தமான தோற்றத்தைத் தரும். இ.டி.டி.ஏ. உள்ள ஷாம்பு அந்த உப்புகளைப் பிடிக்கும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

படி 7: இரண்டு வாரம், இரண்டு பக்கம்

படி 6-ல் சொன்ன ஷாம்புவால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். தலையை நடுவகிடு எடுத்து, இடப்பக்கம் புதிய கண்டிஷனர், வலப்பக்கம் பழையது. மற்ற எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் முடி காய்ந்த பிறகு மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: சீப்பு எங்கே நின்றது, சீப்பில் எத்தனை முடி வந்தது, மூன்றாம் நாள் தொட்டால் பிசுக்கு உண்டா. சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, கண்டிஷனரின் கணக்கில் சேராது. குமிழ் இல்லாத துண்டு முடிதான் அறுந்தது. எந்தப் பக்கம் அந்தத் துண்டுகள் குறைகின்றனவோ, அந்தப் பக்கத்துப் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள்.