ஊருக்கு வரும்போதே சொத்துக் காகிதங்களையும் சரிபார்த்துவிடுங்கள்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வருகிறவர்கள், டிக்கெட் போடும்போதே ஆபீஸ் திறந்திருக்கும் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பத்திர ஆபீஸ், தாலுகா ஆபீஸ் வேலைகளுக்கென்று தனியாகச் சில நாள் ஒதுக்குங்கள். அப்பா அம்மா இருக்கும்போது சுலபமாக முடிகிற வேலை, அவர்கள் காலத்துக்குப் பின் வருஷக்கணக்கில் இழுக்கும்.

"ஒரு வீடும் அரை ஏக்கரும்தானே, இதுக்கெல்லாம் உயிலா?" என்பார்கள். சின்னச் சொத்துதான் வழக்குச் செலவைத் தாங்காது.

முதலில் பட்டா. உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கம் பல வீடுகளில் நிலத்தை அனுபவிப்பது அப்பா. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பெரியப்பா சித்தப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும். மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண்ணையும் உட்பிரிவையும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் சென்ட் கணக்கு, பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஆக, 50 சென்டுக்குப் பட்டாவில் சுமார் 20 ஏர் வர வேண்டும். குறைந்தால் அப்பா இருக்கும்போதே கேளுங்கள். எந்த வரப்பு யாருடையது என்பது அவருக்குத்தான் தெரியும். வில்லங்கமும், அதாவது அந்தச் சொத்தின்மேல் அடமானம், கிரயம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்ற சான்றும், போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து உயில். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் அவசியம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். சாட்சிக்கு அப்பாவின் வயதொத்த கூட்டாளிகளைக் கூப்பிடாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். வயதில் இளையவராக, உள்ளூர்க்காரராக, சொத்தில் பங்கில்லாதவராகப் பாருங்கள்.

"இப்பவே உன் பேருக்கு எழுதிடறேன்பா" என்று அம்மா தான செட்டில்மெண்ட் பற்றிப் பேசினால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிந்தால் வீடு அன்றைக்கே கைமாறிவிடும். எழுதியே ஆகவேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் அவர்களுக்குப் பலம்.

உயில் இல்லாமல் போனால், இந்துக் குடும்பத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியம் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும்; அப்பத்தா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நகை போட்டுச் சீர் செய்ததைக் காட்டி அக்கா தங்கையின் பங்கை மறுக்க முடியாது. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தப்படி மகளுக்குச் சம உரிமை உண்டு. அவர்களையும் உட்காரவைத்தே பேசுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். வந்துபோக முடியாமல் தம்பிக்குப் பவர் (உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பா கொடுத்த பவர் அவர் காலமானதும் பொதுவாகச் செல்லாது. அதை வைத்து யாரும் கிரயம் பேசினால் முன்பணம் வாங்க விடாதீர்கள்.