ரெண்டே நடுவர்கள் இருக்கும்போது யார் எங்கே பார்ப்பது

தாமான் (குடியிருப்புப் பகுதி) கூடைப்பந்துப் போட்டிகளில் மூன்றாவது நடுவர் கிடைப்பது அபூர்வம். கோலாலம்பூரில் செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, இரண்டு பேர்தான் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கோர்ட்டைப் பார்த்தாக வேண்டும். அதனால் புதிதாக விசில் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது, இருவரும் சேர்ந்து பந்தையே பார்க்காதீர்கள் என்பதுதான்.

ஒருவர் லீட். முன்னே ஓடிப்போய், கூடைக்குப் பின்னால் இருக்கும் கோட்டுக்கு வெளியே நிற்பவர். மற்றவர் டிரெயில், பந்துக்கு இடதுபுறம், சற்றுப் பின்னால் வருபவர். ஆட்டத்தைப் பார்த்து நின்றால், இடது கைப் பக்கமுள்ள பக்கக்கோடு அவரவர் பொறுப்பு. அதோடு லீடுக்குக் கூடைக்குப் பின்னாலுள்ள கோடு, டிரெயிலுக்கு நடுக்கோடு. பந்து எதிரணிக்குக் கைமாறியதும் டிரெயில்தான் புது லீட், திரும்பி ஓட வேண்டும். ஓடும்போதும் தோளுக்கு மேலே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.

கஷ்டமானது பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பது. ஒருமுறை நானும் என் கூட்டாளியும் பந்தைத் தட்டிக்கொண்டு வந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தோம், கூடைக்குக் கீழே வேறொருவனுக்கு முழங்கை பட்டு உதடு கிழிந்துவிட்டது, யார் இடித்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் ரத்தத்தோடு எங்களிடம் வந்து நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை. பந்து கூடைக்குத் தள்ளி, டிரெயிலின் பக்கம் இருக்கும்போது, உள்ளே யார் யாருடைய கையைப் பிடிக்கிறான், யார் மறித்துத் தள்ளுகிறான் என்பதை லீட் பார்க்க வேண்டும். பந்து கூடைக்கு அருகே வந்தால் அது லீடின் வேலை, டிரெயில் கண்ணைத் தூரப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். ஷாட் எழும்பியதும் பந்தின் பாதையை டிரெயில் பார்ப்பார், ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, முட்டிமோதும் உடம்புகளை லீட் பார்ப்பார்.

ரெண்டு விசிலும் ஒரே நேரத்தில் அடித்தால்? கையை உயர்த்தி அப்படியே நில்லுங்கள், சைகை காட்டாதீர்கள். ஒருவர் தாக்குபவர்மேல் ஃபவுல், இன்னொருவர் தடுத்தவர்மேல் ஃபவுல் என்று காட்டிவிட்டால் அப்புறம் சமாளிக்கவே முடியாது. முதலில் கண்ணைப் பாருங்கள், யாருடைய பகுதியோ அவரே முடிவைச் சொல்லட்டும்.

இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே, ஒரு தே தாரிக் குடிக்கும் நேரத்தில் பேசிவிடலாம். கடைசி விநாடி ஷாட் நேரத்துக்குள் கையைவிட்டுப் போனதா என்று யார் சொல்வது? அதையும் அங்கேயே பேசிவிடுங்கள், மணி அடித்த பிறகு இல்லை.