உள்ளங்கையில் அடங்கும் முகம்: டியூடர் அரசவை முறையில் நுண்ணோவியம் தீட்டுவது எப்படி

1564ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துத் தூதராக லண்டனுக்கு வந்த சர் ஜேம்ஸ் மெல்வில்லை இங்கிலாந்தின் டியூடர் வம்சத்து அரசி முதலாம் எலிசபெத் தம் படுக்கையறைக்கு அழைத்துச் சென்று ஒரு சிறு பேழையைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த சிறு உருவப்படங்கள் தாளில் சுற்றப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அரசியின் கையெழுத்திலேயே பெயர் எழுதியிருந்தது. மெல்வில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அவற்றை உற்றுப் பார்த்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். நுண்ணோவியம் தீட்டத் தொடங்குபவர் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சுவரில் மாட்டி நான்கு அடி தள்ளி நின்று பார்ப்பதற்கான படமன்று இது. கையில் எடுத்து, முகத்தருகே கொண்டுவந்து, சற்றே சாய்த்துப் பார்ப்பதற்கானது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பார்வைக்காகவே செய்யப்படுகிறது.

பெரிய எண்ணெய் ஓவியத்தைச் சுருக்கினால் நுண்ணோவியம் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. எட்டாம் ஹென்றியின் அவைக்கு இக்கலையைக் கொண்டுவந்த லூகாஸ் ஹோரன்போட், இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் கையெழுத்துச் சுவடிகளுக்கு வண்ணம் தீட்டிய குடும்பத்தவர். அவரைத் தொடர்ந்து அரசவையில் ஊதியம் பெற்ற லெவினா டீர்லிங்க், பிரூஜ் நகரச் சுவடி ஓவியர் சைமன் பெனிங்கின் மகள். இக்கலையை உச்சிக்குக் கொண்டுசென்ற நிக்கலஸ் ஹில்லியர்டோ பொற்கொல்லரிடம் தொழில் பயின்றவர். எனவே இங்கு நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது சுவடி ஓவியரின் நீர்வண்ணமும் பொற்கொல்லரின் கைத்திறனும்தான். நுண்ணோவியத்தைக் குறிக்கும் ‘மினியேச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லே சிறுமையைக் குறித்துப் பிறந்ததன்று; சுவடிகளில் பயன்பட்ட செவ்வீயம் என்ற சிவப்பு வண்ணப்பொடியின் லத்தீன் பெயரான ‘மினியம்’ என்பதிலிருந்து வந்தது.

முதலில் தளத்தை அமைக்க வேண்டும். மிக மெல்லிய கன்றுத்தோலை மாவுப்பசையால் ஒரு சீட்டின் மேல் ஒட்டுவதே அன்றைய வழக்கம். சீட்டு என்று சொல்வது விளையாட்டுச் சீட்டைத்தான். பல நுண்ணோவியங்களின் பின்புறத்தில் அதன் குறிகள் இன்றும் தெரிகின்றன. ஒட்டிய தோலைக் கனமான பொருளின் கீழ் வைத்து முழுதாகக் காயவிட்டு, பின்புறத்தை வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு தந்தம்போல் ஆகும். தோல் கிடைக்காதவர்கள் சூட்டில் அழுத்திய வழவழப்பான பருத்தித் தாளில் பழகலாம். அளவைப் பொறுத்தவரை 5 செ.மீ. போதும், 1572இல் ஹில்லியர்ட் தீட்டிய எலிசபெத்தின் படம் ஏறத்தாழ அந்த அளவுதான்.

வண்ணப்பொடியை நீரில் நன்றாக அரைத்து, அரபுப் பிசின் சேர்த்து, சிப்பி ஓடுகளில் வைத்துக்கொள்வார்கள். பிசின் மிகுந்தால் வண்ணம் வெடிக்கும், குறைந்தால் பொடியாக உதிரும். வெடிப்பைத் தடுக்க ஹில்லியர்ட் சிறிது கற்கண்டு சேர்க்கச் சொல்கிறார். தூரிகை அணில் மயிரால் ஆனது, இறகுத்தண்டில் செருகப்பட்டது. தூரிகை மெல்லியதாக இருப்பதைவிட அதன் வயிறு நீரைத் தாங்கி, நுனி ஒன்றாகக் கூடுவதே முக்கியம். ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டினார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம், அத்தகைய தூரிகையில் வண்ணம் நிற்கவே நிற்காது. அன்று வெண்மைக்குப் பயன்பட்ட ஈயவெள்ளை நஞ்சு என்பதால் அதன் இடத்தில் டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்துங்கள்.

வேலை செய்யும் இடத்தின் தூய்மையைப் பற்றி ஹில்லியர்ட் தம் கைநூலில் மிகக் கண்டிப்பாக எழுதியுள்ளார். நூலிழை உதிராத பட்டு உடை அணிய வேண்டும், தலையிலிருந்து பொடுகு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எச்சில் தெறிக்கும் என்பதால் படத்தின் மேல் குனிந்து பேசக்கூடாது என்கிறார். இது மிகையான கவலை அன்று. கண்ணின் அளவே இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் படத்தில் ஒரு தூசித் துகள் கண்ணிமையையே மறைத்துவிடும்.

முகம் வரும் இடத்தில் முதலில் ‘கார்னேஷன்’ எனப்படும் தோல்நிற அடித்தளத்தைச் சீராகப் பூசிக் காயவிட வேண்டும். வெள்ளையுடன் துளி சிவப்பும் துளி மஞ்சளும் சேர்த்துப் பல சாயல்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, எதிரே அமர்ந்திருப்பவரின் நிறத்துக்கு அருகில் வருவதைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய நிறத்தைவிடச் சற்று வெளிறியதையே எடுக்க வேண்டும். பின்னால் அடர்த்தியைக் கூட்ட முடியுமே தவிர, வெளுப்பாக்குவது இயலாது. இந்தத் தளத்தின் மேல் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்களை மங்கிய சிவப்புக் கோடுகளால் குறித்து, பிறகு மிக நுண்ணிய கீற்றுகளையும் புள்ளிகளையும் ஒன்றன் அருகே ஒன்றாக வைத்து முகத்தை வளர்க்க வேண்டும். ஈரத்தூரிகையால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தேய்த்தால் அடித்தளம் கரைந்து எழுந்துவிடும். ஒரு கீற்றை வைத்தபின் அது காயும்வரை வேறிடத்துக்குப் போய்விடுவதே பாதுகாப்பு.

நிழலைப் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எலிசபெத் தம் முகத்தில் நிழல் விழாமல் தோட்டத்தின் திறந்த வெளியில், அருகில் மரமே இல்லாத பாதையில் அமர்ந்தார் என்று ஹில்லியர்ட் எழுதுகிறார். ஹில்லியர்டும் முகத்தைக் காட்ட நிழலைவிடக் கோடுகளையே நம்பினார். அவரிடம் பயின்ற ஐசக் ஆலிவர் ஆழ்ந்த நிழல்களால் முகத்தைத் திரட்சியாகக் காட்டினார். என் தேர்வு ஹில்லியர்டின் வழிதான். இத்தனை சிறிய முகத்தில் நிழல் மிகுந்தால் கையில் வைத்துப் பார்க்கும்போது அழுக்குப்போல் தெரிகிறது. இதழோரத்து மெல்லிய கோடு ஒன்று அதைவிட அதிகமாக அந்த மனிதரைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கோட்டைப் பிடிக்க, ஆளை நேரில் அமர்த்தியே தீட்ட வேண்டும். அமர்ந்த கணத்தில் இறுகியிருக்கும் முகம் பேச்சின் நடுவே இளகும். சட்டென்று வந்து மறையும் புன்னகையை உடனே பதிய வேண்டும் என்று ஹில்லியர்டும் வற்புறுத்துகிறார்.

பின்னணி நீலத்துக்கு அசுரைட் கல்லின் தூள். தலைமுடி, தோள் ஆகியவற்றின் விளிம்பை முதலில் மெல்லிய தூரிகையால் நீலத்தில் வரைந்துகொண்டு, உடனே நிறைய நீர் கலந்த அதே நீலத்தைப் பெருக்கி ஓடவிட்டு நிரப்ப வேண்டும். நிறுத்தக்கூடாது. என் முதல் படத்தில் இடது மூலை மங்கலாக இருப்பதாகத் தோன்றியதால், பாதி காய்ந்திருந்தபோது ஒரே ஒரு முறை தூரிகையைத் தொட்டேன். காய்ந்தபின் அங்கே விளிம்பு கறுத்த வட்டம் ஒன்று நின்றது, அதை நீக்க வழியே இருக்கவில்லை.

இனி வருவது பொற்கொல்லர் வேலை. கழுத்தைச் சுற்றிய வெள்ளை லேஸின் மடிப்புகளைக் கெட்டியான வெள்ளையால் மேடாகும்படி சொட்டி இழுத்தால், படத்தைச் சாய்க்கும்போது அவற்றின் மெய்யான நிழலே விழும். முத்துக்கு ஒரு வெள்ளைத் துளியை மேடாக வைத்து, அதன் மேல் வெள்ளிப் புள்ளி ஒன்றைப் பதித்து மெருகிட வேண்டும். ஃபெரட் அல்லது ஸ்டோட் போன்ற சிறு விலங்கின் பல்லால் ஹில்லியர்ட் மெருகிட்டார். இன்று அகேட் கல் முனை போதுமானது. மாணிக்கம் இன்னும் அழகு. மெருகிட்ட வெள்ளியின் மேல் சிவப்பு கலந்த பிசினைச் சூடான ஊசியால் எடுத்து ஒரு துளியாக வைத்தால், ஒளி உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பிவந்து கல்லாகவே மின்னும். அந்தக் காலப் படங்களில் வெள்ளி கறுத்துவிட்டதால் பல முத்துகள் இன்று கரும்புள்ளிகளாக நிற்கின்றன. நீங்கள் கறுக்காத பலேடியத்தைப் பயன்படுத்தலாம்.

நீலம் நன்கு காய்ந்தபின் பொற்பொடியால் ஆண்டையும் வயதையும் எழுதி, விளிம்பில் ஒரு பொன்கோடு இட வேண்டும்; 1577இல் தீட்டிய தற்படத்தில் ஹில்லியர்ட் தம் வயது 30 என்று அப்படித்தான் எழுதினார். பிறகு படத்தை நீள்வட்டமாக வெட்டி, மேற்பரப்பைத் தொடாதபடி கண்ணாடி போட்டுப் பதக்கத்திலோ சிமிழிலோ அடைத்துவிடுங்கள். முகத்தின் சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் மங்கக்கூடியவை. ஹில்லியர்டின் முகங்கள் பல இன்று வெளிறித் தெரிவதற்கு அதுவே காரணம். ஆகவே சுவரில் மாட்டாமல், தாளில் சுற்றி, மேலே பெயரை எழுதி, இழுப்பறைக்குள் வையுங்கள்.