மருந்து அளவுக் கணக்கு: சிரிஞ்சைக் கையில் எடுக்கும் முன்

நர்சிங் முதல் வருடத்தில் மருந்து அளவுக் கணக்கு என்றாலே பலருக்குக் கை நடுங்கும். ஆனால் இதில் இருப்பதெல்லாம் ஆறாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும்தான். சூத்திரத்தில் எண்களைப் போட்டு, வந்த விடையை அப்படியே நம்பிவிடும்போதுதான் தப்பு நடக்கிறது. ஆகவே ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்: விடை சுமாராக எவ்வளவு வரும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் கணக்கைப் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, மருந்தைத் தொடாதீர்கள்.

கீழே உள்ளவை ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்க வார்டுகளில் வரக்கூடிய கணக்குகள். பயிற்சிக்கு மட்டும். உண்மையான நோயாளிக்கு டாக்டரின் ஆர்டரும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும்தான்.

படி 1: அலகை ஒன்றாக்குங்கள்

1 கிராம் = 1000 மில்லிகிராம். 1 மில்லிகிராம் = 1000 மைக்ரோகிராம். ஆர்டர் ஒரு அலகிலும் லேபிள் வேறு அலகிலும் இருந்தால், சூத்திரத்துக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். தைராக்சின் 0.075 மி.கி. என்று எழுதியிருக்கிறது, மாத்திரை அட்டையில் மைக்ரோகிராம் போட்டிருக்கிறது என்றால், 0.075 × 1000 = 75 மைக்ரோகிராம். ஒரு 50, ஒரு 25.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று எழுதுங்கள்; வெறும் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஐந்து என்றால் 5 மட்டும் போதும், 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்க ஆள் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய் டார்ச் வெளிச்சத்தில் கேஸ் ஷீட் படிக்கும்போது இது புரியும்.

படி 2: எடையை நீங்களே பாருங்கள்

குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் வரும். எடை தப்பானால் அதற்கப்புறம் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் பலன் இல்லை. ஊட்டிக் குளிரில் கைக்குழந்தை ஸ்வெட்டர், மங்கி கேப், சாக்ஸ், மேலே ஒரு கம்பளிச் சால்வை என்று ஒரு மூட்டையாகத்தான் வரும். அரைக் கிலோ துணி 6 கிலோ குழந்தைக்கு 8 சதவீதத்துக்கு மேல். அறையைக் கொஞ்சம் கதகதப்பாக்கி, கனத்த துணிகளைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். வயதைக் கேட்டு எடையை ஊகிக்கவும் வேண்டாம். ஒரே வயதில் ஒரு பிள்ளை 16 கிலோ இருக்கும், இன்னொன்று 11 கிலோகூட இருக்காது.

படி 3: சூத்திரம்

(கொடுக்க வேண்டிய அளவு ÷ கையில் இருக்கும் அளவு) × அது கரைந்திருக்கும் மில்லி

எஸ்டேட் லைனிலிருந்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) காய்ச்சலோடு வந்த 12 கிலோ குழந்தை. ஆர்டர்: பாராசிட்டமால் சிரப், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. அப்படியானால் 12 × 15 = 180 மி.கி. அலமாரியில் 5 மில்லியில் 120 மி.கி. உள்ள பாட்டில் இருக்கிறது.

முதலில் ஊகம். 5 மில்லியில் 120 என்றால் 10 மில்லியில் 240. நமக்கு வேண்டியது 180, இரண்டுக்கும் நடுவில். ஆக, விடை 5க்கும் 10க்கும் இடையில் வர வேண்டும். இப்போது கணக்கு: 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி. சரி.

இதே மருந்து 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பாகவும், ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள டிராப்ஸாகவும் கிடைக்கிறது. அதே குழந்தைக்கு முதல் வகையில் 3.6 மி.லி., டிராப்ஸில் 1.8 மி.லி. "நேற்று ஏழரை கொடுத்தோமே" என்று நினைவை நம்பி டிராப்ஸிலிருந்து 7.5 மி.லி. எடுத்தால் 750 மி.கி. போய்விடும். கிலோவுக்கு 62.5. ஒரு நாள் முழுவதற்கும் 60 என்ற வரம்பை ஒரே வேளையில் தாண்டிவிடுவோம். அதனால் மனப்பாடமாக மில்லியைச் சொல்லும் சீனியரைவிட, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்கும் ஜூனியரைத்தான் நான் நம்புவேன்.

படி 4: இன்சுலின்

இங்கே கணக்கே இல்லாததுபோல் தெரியும், ஆபத்தும் அங்கேதான். நம் ஊர் இன்சுலின் வயல்கள் (சிறு மருந்துக் குப்பிகள்) பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு.

ஆர்டர் 20 யூனிட் என்று வையுங்கள். 40 வயலில் சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை எடுத்தால் 0.5 மி.லி., சரியாக 20 யூனிட். அதே வயலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை எடுத்தால் 0.2 மி.லி.தான், வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது, மருந்து போதவில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார். மறுநாள் வேறு சிஸ்டர் சரியான சிரிஞ்சில் போடும்போது நோயாளி மயங்கி விழுவார். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 யூனிட். வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்த பிறகே லோட் பண்ணுங்கள். ஆர்டரிலும் "யூனிட்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். U என்று சுருக்கி எழுதினால் அந்த எழுத்து பூஜ்யம்போல் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

படி 5: டிரிப்

மொத்த மில்லி × ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு ÷ மொத்த நிமிடம். 500 மி.லி. சலைன், 8 மணி நேரம், 20 சொட்டு செட் (ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய்): 500 × 20 ÷ 480 = 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, ஒரு மணிக்கு 60 நிமிடம்; இரண்டும் அடிபட்டுப் போவதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட் 15 சொட்டா 20 சொட்டா என்பதைக் கவரில் பாருங்கள்.

படி 6: ஒரே ஆளுக்கு இரண்டு விதி

வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907லிருந்து இருக்கிறது. இந்த மலையில் படிப்பவர்கள் நாய்க்கடிக் கணக்கு தெரியாமல் இருக்கலாமா? 45 கிலோ எடையுள்ள தேயிலைத் தொழிலாளிக்குக் காலில் ஆழமான கடி. தடுப்பூசி தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரண்டு இடத்தில். பெரியவர், குழந்தை எல்லோருக்கும் இதே அளவு. இம்யூனோகுளோபுலின் (காயத்தில் செலுத்தும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) மட்டும் எடைக்கு ஏற்ப: குதிரையிலிருந்து எடுத்ததானால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்ததானால் 20.

குதிரை வகை என்றால் 45 × 40 = 1800 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் உள்ள 5 மில்லி வயல்: 1800 ÷ 300 = 6 மி.லி. ஒரு முழு வயலும் அடுத்ததில் 1 மில்லியும். இந்த 6 மி.லி. உச்சவரம்பு. காயத்துக்குள்ளும் சுற்றிலும் எவ்வளவு செலுத்த முடியுமோ அவ்வளவு போட வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பல இடத்தில் கடி இருந்து மருந்து போதவில்லை என்றால், சலைன் சேர்த்து அளவை நீட்டுவார்கள், யூனிட்டைக் கூட்டமாட்டார்கள்.

இன்னொருவர் சரிபார்ப்பது பற்றி: உங்கள் விடையைக் காட்டி "இது சரிதானே அக்கா?" என்று கேட்டால், பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆர்டரையும் வயலையும் மட்டும் கொடுத்துத் தனியாகப் போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

அ. ஊசி ஒவ்வாமையில் சரிந்த 20 கிலோ சிறுவன். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி., தசையில். ஆம்பூலில் ஒரு மில்லிக்கு 1 மி.கி.

ஆ. 1 லிட்டர் சலைன், 10 மணி நேரம், 15 சொட்டு செட்.

இ. கூடலூரில் பாம்பு கடித்து விஷம் ஏறிய 14 கிலோ குழந்தை. டாக்டர் விஷமுறிவு மருந்து 10 வயல் எழுதியிருக்கிறார். "பெரியவர்களுக்கே பத்துதானே, குழந்தைக்குக் குறைக்க வேண்டாமா?" என்கிறாள் தோழி.

விடைகள்: அ) 0.2 மி.கி., 0.2 மி.லி.; 1 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். ஆ) நிமிடத்துக்கு 25 சொட்டு. இ) குறைக்கக் கூடாது. கடித்த பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து விடவில்லை. முறிக்க வேண்டிய விஷம் அதே அளவுதான். எடைக்கு ஏற்பப் பார்ப்பது அந்த 10 வயலைக் கலக்கும் திரவத்தின் அளவை மட்டும்.